டீசல் நோட்டு: மூன்று ஷிப்டுக்கும் ஒரு மடல்

பகல் ஷிப்டுக்கும், அரை நைட்டுக்கும், முழு நைட்டுக்கும்,

உங்கள் மில்லின் சோதனைக் கூடத்தில் 31 வருஷம் நூலை எடை போட்டும் இழுத்து அறுத்தும் பார்த்தவள் எழுதுகிறேன். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. பழைய ஆட்கள் என் கையெழுத்தைப் பார்த்ததுமே முகம் சுளிப்பார்கள். அந்தக் கையெழுத்தில் நல்ல சேதி வந்ததில்லை.

போன வாரம் ரிங் பிரேம் பார்க்கிற சைடர் பிள்ளை ஒருத்தி போன் செய்தாள். பெயர் வேண்டாம். 40-ஆம் கவுண்ட் ஓடுகிற ரிங் பிரேம்களில் காலை நேரத்தில் நூல் அறுவது கூடிப்போயிருக்கிறதாம். மூன்று வாரமாகக் காரணம் பிடிபடவில்லை. எட்டுப் பேர் கொண்ட கமிட்டி போட்டிருக்கிறார்கள். கேன்டீன் பக்கத்து போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்: எந்தப் பக்கம் பிரேக் அதிகமோ அந்தச் சைடருக்கு இன்சென்டிவ் கிடையாது. தாள் ஒட்டிய மறுநாளே பிரேக் பாதியாகக் குறைந்துவிட்டது என்றும் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கெடுக்க வருகிறவர் வரிசையின் இந்த முனையில் நுழையும்போதே, அந்த முனையில் விரல்கள் ஓடி ஓடி இழையை ஒட்டி முடித்துவிடும். பேப்பரும் பேனாவுமாக வருகிற ஆளைக் கண்டால் எந்தச் சைடருக்கும் கால் தானாக வேகம் எடுக்கும். நான் அந்தப் பேப்பரோடு நடந்தவள், எனக்குத் தெரியாதா? ஆக, இப்போது உங்களிடம் இருக்கிற பிரச்சினை ஒன்றல்ல, இரண்டு. நூல் அறுகிறது. எங்கே, எத்தனை அறுகிறது என்று சொல்கிற வாயும் அடைபட்டுவிட்டது.

இதே போன்ற ஒன்றில் நாங்கள் ஒரு தடவை ஏழு வாரம் மாட்டிக்கொண்டோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2012. உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ. சென்னை தவிர மற்ற ஊர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு தனி. ஜெனரேட்டர் மில் முழுவதையும் தாங்காது. நூற்புக்கு முந்தின டிராயிங்கில் ஸ்லிவர், அதாவது இழுத்த பஞ்சுத் திரி, கேன் கேனாக ஸ்டாக் இருக்கிறது, அதை நிறுத்தி வைத்து ரிங் பிரேமுக்குக் கரண்ட் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். நியாயமான முடிவுதான். அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆடி மாதம் திருப்பூரிலிருந்து புகார் வந்தது. 30-ஆம் கவுண்ட் ஹோசியரி நூல். பின்னிச் சாயம் ஏற்றினால் துணியில் மேகம் படிந்த மாதிரி திட்டுத்திட்டாகத் தெரிகிறது. எல்லாக் கோனிலும் இல்லை. ஒரு பெட்டியில் நாலு, அடுத்த பெட்டியில் ஒன்றுமில்லை, பிறகு ஒரு பெட்டி முழுக்க. ஒழுங்கில்லாமல் வருகிற தப்பைப் போலத் தொல்லை வேறில்லை. எப்போதும் வருகிற தப்பு ஓடி ஒளியாது.

கூட்டம் போட்டோம். ஸ்பின்னிங் மாஸ்டர் ரோவிங் சரியில்லை என்றார். சிம்ப்ளக்ஸ் மேஸ்திரி ஸ்லிவர் சரியில்லை என்றார். டிராயிங் ஆட்கள் கார்டிங்கைக் காட்டினார்கள், கார்டிங் பஞ்சைக் காட்டியது. பஞ்சு வாங்குகிறவர் அன்றைக்குக் குஜராத்தில் சங்கர்-6 பேரம் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் ஒருமனதாக முடிந்தது: பஞ்சுதான் காரணம். நான் பார்த்த வரையில் ஒருமனதாக முடிகிற கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான், வராதவன் தலையில் போய் விடியும்.

பஞ்சை மாற்றினோம். அதற்கு ஆன செலவைச் சொன்னால் இப்போதும் சிலருக்கு வயிறு எரியும். மேகம் போகவில்லை.

நான் அந்தக் கூட்டங்களில் என்ன பேசினேன் என்றும் சொல்லிவிட வேண்டும். "ரிப்போர்ட் எல்லாம் லிமிட்டுக்குள்ள இருக்குதுங்க சார்" என்றேன். ஏழு வாரத்தில் ஏழு தடவையாவது சொல்லியிருப்பேன். அதில் பொய் ஏதுமில்லை. ஸ்லிவர் சாம்பிளை நாங்கள் தினமும் காலை ஒன்பதரைக்கு எடுப்போம். அந்த நேரத்தில் டிராயிங் மெஷின் ராசா மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். நூலின் தடிப்பு மெலிவைப் பார்க்கிற ஊஸ்டர் மெஷினில் நூலை ஒரு நிமிஷம் ஓட்டுவோம், 400 மீட்டர். அதற்குள் தெரிகிற தப்பு மட்டும்தான் என் ரிப்போர்ட்டில் தெரியும். தெரியாததை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரக் கூட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வியர்வையோடு சேர்ந்து கோபமும் ஏற ஆரம்பித்த நேரம். ஜெனரேட்டர் ஓட்டுகிற அண்ணன் கதவைத் தட்டினார். டீசல் நோட்டில் கையெழுத்து வேண்டும். நம் மில்லில் எத்தனையோ ரெஜிஸ்டர் உண்டு, எல்லாம் ஷிப்ட் முடிகிற பத்து நிமிஷத்தில் உட்கார்ந்து நிரப்புகிறவை. அவருடையது மட்டும் நிமிஷக் கணக்கில் இருக்கும். டீசல் திருடுகிறார் என்று அவர்மேல் யாருக்கோ சந்தேகம். அதனால் கரண்ட் போன நேரம், வந்த நேரம், எத்தனை லிட்டர் என்று ஒவ்வொரு முறையும் எழுதி ஆபீசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. மில்லிலேயே உண்மையான நேரம் இருந்த ஒரே நோட்டு, யாரை நம்பவில்லையோ அவர் கையில் இருந்தது.

எனக்கு ஞானம் ஒன்றும் பிறக்கவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். என் மடியில் திரும்பி வந்த கோன்களின் பட்டியல் இருந்தது. பேக்கிங் அக்கா ஒவ்வொரு பெட்டிக்கும் தேதியும் ஷிப்டும் எழுதியிருந்தார். அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அவராக எழுதியது. ஸ்லிவர் கோனாக வர ஆகிற நாளைக் கழித்துப் பார்த்தேன். நீண்ட வெட்டு விழுந்த நாட்களை ஒட்டியே கெட்ட கோன்கள் இருந்தன. முழுக்கப் பொருந்தவில்லை. பொருந்தாத இரண்டு நாளைப் பிடித்துக்கொண்டு ஸ்பின்னிங் மாஸ்டர் சண்டை போட்டார். போட்டது நல்லதுதான், அந்த இரண்டும் லாட் நம்பர் எழுதியதில் வந்த பிழை என்று பிறகு தெரிந்தது.

அன்று முழு நைட்டுக்கு டிராயிங்கில் போய் நின்றேன். கூட ஃபிட்டர் தம்பி. மெஷின் ஓட்டியது ஒடிசாவிலிருந்து வந்த பெண், இருபது வயசு இருக்கும். தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். கரண்ட் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தது. மெஷினை ஓட விட்டதும் அவள் என் கையைப் பிடித்து மேல் மூடியில் வைத்தாள். "கரண்ட் வந்தா தட் தட் தட்," என்றாள். "பத்து நிமிஷம். அப்புறம் நல்லா." உள்ளங்கையில் லேசான ஓர் அதிர்வு. காதுக்குக் கேட்காது. மேஸ்திரியிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். உன் வேலையைப் பார் என்றிருக்கிறார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தின மாதம், சத்தம் சரியில்லை என்று மெஷினை நிறுத்தியதற்காக உற்பத்திக் கணக்கில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கே தெரியும்.

காரணம் என்ன என்பது உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே புரிந்திருக்கும். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். டிராயிங்கில் மேல் ரோலருக்கு ரப்பர் காட் போட்டிருக்கிறோம். ஸ்பிரிங் அதைக் கீழ் ரோலர்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். ஓடும்போது அழுத்தம் சுற்றிலும் பரவும். மணிக்கணக்கில் நின்றால் ஒரே இடத்தில் அழுந்தி ரப்பர் தட்டையாகும். மறுபடி ஓடும்போது அந்தத் தட்டை இடம் சுற்றுக்கு ஒரு தடவை ஸ்லிவரில் ஓர் ஏற்றத்தாழ்வை வைக்கும். சூடேறி ஓட ஓட ரப்பர் தன் உருண்டைக்குத் திரும்பிவிடும், தடயம் இருக்காது. காலை ஒன்பதரைக்கு நான் வருவேன்.

38 மில்லிமீட்டர் ரோலர் ஒரு சுற்றுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர். அந்த ஸ்லிவரை சிம்ப்ளக்ஸ் 9 மடங்கு இழுக்கிறது, ரிங் பிரேம் 30 மடங்கு இழுக்கிறது. டிராயிங்கில் ஒரு சாண்கூட இல்லாத தப்பு, நூலில் 32 மீட்டர் நீளத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். எங்கள் 400 மீட்டர் சோதனையில் அந்த நீளத்துத் தப்பு பளிச்சென்று சிக்காது. 1000 மீட்டர் ஓட்டியிருக்க வேண்டும். கரண்ட் வந்த ஒன்றாவது நிமிஷத்து ஸ்லிவரை அன்று ராத்திரி ஊஸ்டரில் ஓட்டினேன். வரைபடத்தில் 12 சென்டிமீட்டர் இடத்தில் சிம்னி மாதிரி ஒரு கோடு நெட்டுக்குத்தாக நின்றது. இருபதாவது நிமிஷத்து ஸ்லிவரில் அது இல்லை.

தப்பு பிறந்த இடம் ஒன்று, வளர்ந்த இடம் இரண்டு, வெளியே தெரிந்த இடம் திருப்பூர். நடுவில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. ஜெனரேட்டர் அண்ணனிடம் நேரம், பேக்கிங் அக்காவிடம் தேதி, ஒடிசாப் பெண்ணின் உள்ளங்கையில் அதிர்வு, என்னிடம் ஊஸ்டர். கூட்டத்துக்கு அழைக்கப்பட்டது இந்த நாலு பேரில் நான் ஒருத்தி மட்டும். என்னிடம்தான் தப்பான துண்டு இருந்தது.

கண்டுபிடித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. மருந்து சுலபம்: கரண்ட் போனதும் மேல் ரோலரை அழுத்திப் பிடிக்கிற டாப் ஆர்மைத் தூக்கிவிட வேண்டும், அழுத்தம் விடுபடும். ஒரு மெஷினுக்குச் சில நொடி வேலை. யார் தூக்குவது? ஆர்மை ஃபிட்டர் மட்டும்தான் தொடலாம் என்று மில்லில் சட்டம். முன்பு ஒருத்திக்கு விரல் நசுங்கியதால் வந்த சட்டம், வீம்புக்கு வந்ததல்ல. முழு நைட்டில் ஃபிட்டர் ஒரே ஆள். இருட்டில் அவர் எங்கே என்று தேடுவது? அந்தச் சட்டத்தை மாற்றி, மெஷின் ஓட்டுகிறவர்களுக்கே கற்றுக்கொடுத்து, ஆளுக்கொரு டார்ச் வாங்க இரண்டு வாரம் ஆனது. டார்ச்சுக்குத்தான் அதிக நாள்.

அடுத்தது வேஸ்ட். ஆர்ம் தூக்காமல் நின்றுவிட்ட மெஷினில் முதல் இருபது நிமிஷ ஸ்லிவரை ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் டிராயிங் வேஸ்ட் சதவீதம் ஏறும், மேஸ்திரி பதில் சொல்ல வேண்டும். ஒதுக்காமல் அனுப்பினால் அவர் கணக்கு சுத்தம், கெட்ட பெயர் மூன்று டிபார்ட்மென்ட் தாண்டி வேறு யாருக்கோ. உண்மையாக நடந்தால் நட்டம், மறைத்தால் லாபம் என்று கணக்கை எழுதி வைத்துவிட்டு, ஆட்களிடம் ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லிப் பிரயோஜனம் என்ன? அன்றைய மேனேஜர் ஒரு காரியம் செய்தார். வேஸ்ட் ரெஜிஸ்டரில் ஒரு புதுப் பத்தி போட்டார்: கரண்ட் கட், மில் கணக்கு. ஆள் பெயர் இல்லாத பத்தி. அடுத்த நாளிலிருந்து ஸ்லிவர் தானாக ஒதுங்க ஆரம்பித்தது. அந்த ஒரு கோடு போட்டதற்காகவே, அவருடைய மற்றத் தொல்லைகளை நான் மன்னித்துவிட்டேன்.

இப்போது உங்கள் கமிட்டிக்கு வருகிறேன். எட்டுப் பேரும் ஆபீசர்கள் என்று கேள்விப்பட்டேன். டிராயிங்கில் நாம் ஏன் எட்டு ஸ்லிவரைச் சேர்த்து இழுக்கிறோம்? ஒன்றில் தடித்த இடம் வரும்போது இன்னொன்றில் மெலிந்த இடம் வரும், சேர்ந்தால் சமமாகும். அதற்காகத்தான் கேன்களை வெவ்வேறு கார்டிலிருந்து எடுத்து வைக்கச் சொல்வோம். எட்டும் ஒரே கார்டிலிருந்து வந்தால், அந்தக் கார்டின் தப்பு எட்டு மடங்கு உறுதியோடு வெளியே வரும். உங்கள் கமிட்டி ஒரே கார்டு. அதில் நாலு பேரை எடுத்துவிட்டு, காலையில் அந்த 40-ஆம் கவுண்ட் பக்கம் நிற்கிற இரண்டு சைடர், ஏ.சி. பிளான்ட் பார்க்கிற ஆள், முழு நைட் டாஃபர் ஒருவர் என்று போடுங்கள். கூட்டத்தை ஆபீசில் போடாதீர்கள். ஏ.சி. அறையில் நாற்காலி நுனியில் உட்காருகிற பிள்ளை வாய் திறக்காது. மெஷின் பக்கத்தில் நின்று பேசுங்கள், சத்தத்துக்காகக் கத்த வேண்டியிருந்தாலும்.

எல்லாவற்றுக்கும் கூட்டம் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பெல்ட் அறுந்தால் ஒரு ஃபிட்டர் போதும். அங்கே ஆறு பேர் நின்றால் வெளிச்சத்தைத்தான் மறைப்பார்கள்.

நம் மில்லில் தர வட்டம் (குவாலிட்டி சர்க்கிள்) என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானில் 1962-இல் இஷிகாவா தொடங்கி வைத்தது, இந்தியாவுக்கு 1980-இல் ஹைதராபாத் பெல் (BHEL) ஆலை வழியாக வந்தது. நமக்கு அது டி-ஷர்ட்டாகவும் குரூப் போட்டோவாகவும் வந்து சேர்ந்தது. பரிசு கிடைக்கும் என்பதால் பரிசுக்கு ஏற்ற பிரச்சினைகளை எடுத்தோம். டூல் ரூமுக்குப் பெயின்ட் அடித்ததற்கு ஒரு கேடயம் இன்னும் ரிசப்ஷனில் இருக்கிறது. மேகம் விழுந்த நூலை எந்த வட்டமும் தொடவில்லை. தொட்டால் யாராவது மாட்டுவார்கள் என்ற பயம்.

கைசன் வகுப்பு எடுக்க வந்த தம்பி, கார் கம்பெனியைப் பார்த்துப் பஞ்சாலை கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. டயோட்டாவின் தொடக்கமே தறிதான். சாகிச்சி டயோடா 1924-இல் செய்து முடித்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தப்பு தெரிந்ததும் நிற்க வேண்டும் என்ற புத்தியைக் கார் பட்டறைக்குக் கொண்டுபோனதில் பெரும்பங்கு தாயிச்சி ஓனோவுக்கு. அவர் 1932-இல் வேலைக்குச் சேர்ந்தது டயோடாவின் நூற்பு நெசவு ஆலையில். நம்ம ஆள்! அங்கே லைனில் நிற்கிற சாதாரணத் தொழிலாளி கயிறு இழுத்து வேலையை நிறுத்தலாம். ஐந்து முறை ஏன் என்று கேட்கிற வழக்கமும் அங்கே உண்டு. அந்த ஐந்து ஏன்-ஐ மட்டும் பார்த்துக் கையாளுங்கள். மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரைப் பார்த்து ஐந்து முறை ஏன் என்றால் அதற்குப் பெயர் போலீஸ் விசாரணை. மெஷினைப் பார்த்துக் கேளுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? யார் என்ற கேள்வி கடைசியில் தானே வரும். பல நேரம் வராமலே போய்விடும்.

சைடர் கண்ணுகளா, உங்களுக்கும் ஒன்று. அபராதத் தாளைக் கிழிக்க உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். கணக்கெடுக்கிறவர் வரும்போது ஓடி ஒட்டுவதை நிறுத்துங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அந்த இன்சென்டிவை நம்பி வீட்டில் சீட்டுக் கட்டுகிறீர்கள். தாளை எடுக்கும் வரைக்கும் ஒரு சாக்பீஸ் வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த ஸ்பிண்டிலுக்கு நேரே ஒரு சின்னக் கோடு. பெயர் வேண்டாம், ஷிப்ட் வேண்டாம். ஒரு வாரத்தில் கோடுகள் எங்கே கூடுகின்றன என்று மெஷினே சொல்லும்.

மேனேஜர் சார், தாளை எடுங்கள். அதோடு, ஒடிசா, பீகார் பிள்ளைகள் மில்லில் இன்று எத்தனை பேர் என்று உங்களுக்கு என்னைவிடத் தெரியும். இந்த மடலை அவர்கள் வாசிக்க முடியாது. ஹாஸ்டலில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருத்தியை வைத்து வாசித்துக் காட்டச் செய்யுங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவளுக்கு ஓ.டி. போடுங்கள். 2012-இல் என் கையைப் பிடித்து மூடியில் வைத்தாளே, அந்தப் பெண்ணுக்கு நாம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. புகார் தீர்ந்ததற்கான பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது. பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை.

நூல் ஏன் அறுகிறது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளையிலிருந்து எல்லோரும் அதைத்தான் பார்ப்பீர்கள், மற்றது கண்ணில் படாது. பெரியவர்கள் வாய்க்கு அந்தக் கெட்ட சக்தி உண்டு. ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன். வர்ற வியாழக்கிழமை முழு நைட் முடிந்து பகல் ஷிப்ட் நுழைகிற நேரத்துக்கு மில்லுக்கு வருகிறேன். கேட்டில் சொல்லி வையுங்கள், என்னிடம் இப்போது பாஸ் கிடையாது. தாளை டிராயிங் பக்கத்து ஆணியில் மாட்டுகிறேன். நீங்கள் கண்டுபிடித்த பிறகு பிரித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் மூன்று ஷிப்டுக்கும் டீ என் செலவு. போண்டாவும்.

இப்படிக்கு,
சோதனைக் கூடத்துப் பழைய அக்கா